லிப்ட்காரரும் மூன்று கம்பிகளும்

லிப்ட்காரர் எதையும் லேசில் நம்பமாட்டார். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று மனைவி சொன்னால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டைப் பிடித்து அவர் இழுக்கிற இழுப்பில் ஒருநாள் கதவே கையோடு வந்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் கேலி உண்டு. முப்பத்தொரு வருடமாக மாடிக் கட்டடங்களின் லிப்டுகளைப் பழுது பார்க்கிறவர். அவர் கைபட்ட லிப்டில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

லிப்டைத் தாங்கும் கம்பிகளின் முனையில் நட்டு இருக்கும். அது கழன்று வராமலிருக்க ஒரு ஸ்ப்ளிட் பின் போடுவார்கள். கொண்டை ஊசி மாதிரி இரண்டு கால் உள்ள சின்னச் சாமான். ஓட்டையில் நுழைத்து, மறுபக்கம் வரும் கால்கள் இரண்டையும் குறடால் விரித்து மடக்க வேண்டும். விரிக்காவிட்டால் அது வெறும் கம்பித் துண்டு, எப்போது வேண்டுமானாலும் உருவிக்கொண்டு விழும். பாதி இடங்களில் அந்தக் கால்கள் கண்ணுக்கு எட்டாத இருட்டுக்குள் இருக்கும். லிப்ட்காரர் கையை உள்ளே விட்டுத் தடவியே பார்த்துவிடுவார். முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டை நீட்டி எட்டிப் பார்க்கிறவர்களை அவர் ஒரு ஆளாகவே மதிப்பதில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு எட்டு மாதமாக வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துக் கிடந்தன. சர்க்கரை வியாதிக்காரர், மாத்திரையைத் தோன்றும்போது போடுகிறவர், வேறென்ன ஆகும்? ஆனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவர். தெரிந்தால் அன்றைக்கே டாக்டர் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவார். டாக்டர் வேலையை விடச் சொல்வார். அந்த வேலை இல்லாமல் தான் யார் என்று லிப்ட்காரருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் லிப்டை மறப்பார். அன்று ஏரியில் படகு. இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்னப் பாய்மரப் படகு, அவரும் மனைவியும் ஆசைப்பட்டு வாங்கியது. ஒவ்வொரு வாரமும் பாய்மரத்தை நிமிர்த்தி, முன்பக்கம் ஒன்று, இடவலமாக இரண்டு என்று மூன்று கம்பிகளால் இழுத்து நிறுத்த வேண்டும். கம்பியின் முனையைப் படகோடு சேர்த்துப் பிடிப்பது விரல் நீள ஆணி ஒன்று. ஆணி நழுவாமலிருக்க அதன் நுனி ஓட்டையில் ஏதாவது போட்டாக வேண்டும். லிப்ட்காரர் என்ன போடுவார் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ப்ளிட் பின் தீர்ந்துபோயிருந்தது. ஒருமுறை விரித்த பின்னை மறுபடி போடுவது அவர் அகராதியில் கிடையாது. ஏரிக்கரையிலேயே படகுச் சாமான் விற்கிற கடைக்குப் போனார்கள்.

"வாராவாரம் கழட்டி மாட்டுறதுக்கு இது எதுக்குண்ணே?" என்றார் கடைக்காரர். "இந்த வளையத்தப் பாருங்க. சாவிக்கொத்துல போடுற மாதிரிதான்."

"பாயோட கயிறு இதுல சிக்குனா வளையத்த உருவிக்கிட்டுப் போயிடும்."

"அப்ப இதை எடுத்துக்குங்க. தலையில பட்டன் இருக்கு பாருங்க. ஆணியும் இதுதான், பூட்டும் இதுதான். அமுக்கிக்கிட்டே சொருகணும். விட்டதும் நுனியில ரெண்டு குண்டு வெளிய வந்து பிடிச்சுக்கும்."

"அமுக்குனா திறக்குதுல்ல? அப்ப இது பூட்டு இல்லப்பா, காலிங் பெல்லு."

"ஒரு தடவை வாங்கித்தான் பாருங்களேன்" என்றார் மனைவி. "குறடும் கையுமா அரை மணி நேரம் மல்லுக்கட்டுறீங்க."

"சௌகரியம் பாத்தா வேலை கெட்டுடும்" என்று சொல்லி ஸ்ப்ளிட் பின்னையே வாங்கினார்.

மனைவி பாய்மரத்தைத் தாங்கிப் பிடிக்க, அவர் மூன்று கம்பிகளையும் மாட்டினார். குறடால் விரித்தார். விரலால் தடவினார். "ஆச்சு" என்றார்.

நடு ஏரிக்குப் போனபோது காற்று தூக்கியது. இரண்டு முறை படகைத் திருப்பினார்கள். வலப்பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி, "என்னங்க, இந்த ஆணி வெளிய வருது" என்றார். குரலில் பதற்றமே இல்லை. கூட்டிப் பெருக்கும்போது எதையோ கண்டெடுத்தவர் மாதிரி சொன்னார்.

முக்கால்வாசி ஆணி வெளியே இருந்தது. கம்பி விட்டால் பாய்மரம் சாயும், படகு கவிழும். மனைவிக்கு நீச்சல் அரைகுறை. லிப்ட்காரர் பாயைத் தளரவிட்டு, கம்பியின் இழுவை மறுபக்கம் போகும்படி படகைத் திருப்பினார். மனைவி ஆணியை உள்ளங்கையால் உள்ளே தள்ளி அழுத்திப் பிடித்துக்கொண்டார். பாயை இறக்கிவிட்டுத் துடுப்புப் போட்டே கரை சேர்ந்தார்கள்.

படகின் உள்தளத்தில் அந்த ஸ்ப்ளிட் பின் கிடந்தது. கால் இரண்டும் ஒட்டினாற்போல், கடையில் வாங்கிய கோலத்திலேயே.

"இதை நீங்க விரிக்கவே இல்லையே."

"விரிச்சேன். தடவியும் பாத்தேன்." அவர் பொய் சொல்லவில்லை. குறடு வழுக்கியதும் தெரியவில்லை, கால்கள் மூடிக் கிடந்ததும் தெரியவில்லை. விரல் சரி என்றது, அவர் நம்பினார்.

மனைவி அந்தப் பின்னை எடுத்துக்கொண்டு, "கண்ண மூடுங்க" என்றார்.

"எதுக்கு?"

"மூடுங்கன்னா மூடுங்க."

மூடினார். கையைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. காத்திருந்தார். "குத்தப் போறியா? குத்தித் தொலை."

"ரெண்டு தடவை குத்தியாச்சு."

கண்ணைத் திறந்தார். ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம் நின்றது. மனைவி திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவரோ துணியால் விரலைத் துடைத்துவிட்டார்.

லிப்ட்காரர் நேரே கடைக்குப் போய் அந்தப் பட்டன் பின்னைக் கேட்டார். கடையில் தொங்கிய ஒரு கம்பியின் முனையில், இடது உள்ளங்கையால் பட்டனை அமுக்கிச் சொருகினார். விட்டதும் பட்டன் துள்ளி மேலே வந்தது, நுனியில் குண்டுகள் பளபளவென்று தெரிந்தன. பிடித்து இழுத்தார். வரவில்லை. பூட்டிவிட்டதா என்று சொல்ல விரல் தேவையில்லை, கண் போதும், இழுக்கத் தோள் போதும். காலிங் பெல் என்று நக்கலடித்தவர் பத்துமுறை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். எது கெட்டி, எது பழுது என்று அத்தனை நியாயம் பேசினாரே, தன் கையால் அதைப் பூட்ட முடிகிறதா என்று ஒருமுறையாவது கேட்டாரா? மூன்று பின் வாங்கினார், படகில் கட்டிவைக்கச் சின்னக் கயிறும் வாங்கினார்.

மிச்சச் சில்லறையை வாங்கும்போது அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்னங்க?"

"வியாழக்கிழமை பிரசவ ஆஸ்பத்திரி லிப்டுல ஆறு பின் மாத்துனேன்."

படகைக் கரையில் போட்டது போட்டபடி கிளம்பினார்கள். வழியிலேயே உடன் வேலை செய்யும் கூட்டாளிக்குப் போன் செய்தார். லிப்டை நிறுத்திவிட்டுக் கூட்டாளி அதன் கூரைமேல் ஏறி, கண்ணாடித் துண்டை நீட்டிப் பார்த்தார். லிப்ட்காரர் வாசலில் நின்று டார்ச் அடித்தார்.

"ஒண்ணு சரி. ரெண்டு சரி. மூணு, நாலு சரி."

"அஞ்சு?"

கூட்டாளி கண்ணாடியை இன்னும் உள்ளே நீட்டினார். "அஞ்சாவது நேரா நிக்குதுண்ணே."

கூட்டாளி அதை விரித்துவிட்டு, ஆறாவதையும் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "ரெட்டை நட்டு இருக்கு. ஒண்ணும் ஆயிருக்காது. நான் சரி பண்ணிட்டேன், விட்டுடுங்க. இன்னும் ரெண்டு வருஷ சர்வீஸ்தானே?"

விட்டுவிடலாம் என்றுதான் லிப்ட்காரருக்கும் தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, "லிப்ட்டுல போலாமா?" என்று அவரைப் பார்த்துக் கேட்டாள். அவர் கூட்டாளியைப் பார்த்தார். கூட்டாளிதான், "போலாம்மா" என்றார்.

லிப்ட்காரர் மேலாளருக்குப் போன் போட்டார். "என் விரல்ல உணர்ச்சி இல்ல சார். நான் பின் மாட்டுன லிப்ட் எல்லாத்தையும் திரும்பப் பாக்கச் சொல்லுங்க."

"எப்பலேருந்து?"

மனைவியைப் பார்க்காமலேயே, "எட்டு மாசமா" என்றார்.

மனைவி போனை வாங்கினார். "பத்து மாசம் சார். பத்து மாசத்துக்கு முன்னாடியே கொதிக்கிற டம்ளரைச் சுடாத மாதிரி பிடிச்சுக்கிட்டிருந்தாரு. அங்கேருந்தே பாக்கச் சொல்லுங்க."

போனை வைத்ததும் லிப்ட்காரர், "பாத்தியா நீ?" என்றார்.

"பாத்தேன்."

"ஒரு வார்த்தை கேக்கலியே."

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். பயமாவும் இருந்துச்சு."

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அவர் கட்டடம் கட்டடமாகச் சொல்ல, மனைவி எழுதினார். எட்டு மாதத்துக்கு நாற்பத்து மூன்று லிப்ட். அதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்கு வந்தபோது மனைவியின் பேனா சட்டென்று நின்றது. அவர் சொன்னது மகள் குடியிருக்கும் கட்டடம்.

மனைவி உடனே மகளுக்குப் போன் செய்தார். "ஆளுங்க வந்து பாக்குற வரைக்கும் லிப்டுல ஏறாத. குழந்தைய நீயே தூக்கிக்கிட்டுப் படியில போ. பக்கத்து வீட்லயும் சொல்லிடு."

"ஒன்பதாவது மாடிம்மா!"

"தெரியும்டி. படியிலயே போ."