எல்லா டிரம்முக்கும் ஒரே கோடு

வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் டிரம்முக்குள் லாரித் தண்ணீர் விழுந்ததும் கிளம்பும் அந்தச் சூடான நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. ஒத்தக்கடையில், வயலைப் பிளாட் போட்டு விற்ற இடத்தில் எங்கள் தெரு. பன்னிரண்டு வீடு, குழாய் கிடையாது, வாரம் இரண்டு நாள் "தண்ணி லாரி" வரும். வீட்டுக்கு நூறு லிட்டர் என்பது பேச்சு. ஆனால் யார் கையில் ஓஸ் இருக்கிறதோ அவர் வீட்டில்தான் நிறையும். மற்றவர்களுக்குச் சண்டை மிஞ்சும்.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. உருளையின் கன அளவிலிருந்து உயரம் காணும் கணக்கைப் பள்ளியில் நடத்தி முடித்திருந்தார்கள்.

"நூறு லிட்டருக்கு எங்கன கோடு போடணும்னு பாத்துச் சொல்லுடி" என்றாள் அம்மா.

தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் டிரம்களின் அகலத்தை அளந்து, ஒரு லட்சம் கன சென்டிமீட்டரை ஒவ்வொன்றின் அடிப்பரப்பாலும் வகுத்தேன். நாற்பது சென்டிமீட்டர் அகலமுள்ள எங்கள் ஒல்லி டிரம்முக்கு உயரம் எண்பது வந்தது. எங்களுக்குப் பிளாட் விற்ற புரோக்கர் செல்வத்தின் வீட்டு டிரம் அறுபது அகலம், அதற்கு முப்பத்தைந்துதான். அக்காவின் சிவப்பு நகப்பாலிஷால் கோடு போட்டேன்.

லாரி வந்தது. செல்வத்தின் மனைவி பஞ்சவர்ணம் பாய்ந்தாள்.

"ஏத்தா, ஒங்களுக்கு இடுப்பு வரைக்கும், எங்களுக்கு முழங்கால் வரைக்குமா?"

"ஒங்க டிரம்மு அகலம், அத்தே."

"அகலமா இருந்தா தண்ணி என்ன படுத்துக்கிட்டா கெடக்கும்?"

தெருவே சிரித்தது. குடத்தால் எண்ணி ஊற்றிப் பார்ப்போம் என்று கெஞ்சினேன். "அதுக்கு லாரி நிக்காது" என்ற செல்வம், தீர்ப்பும் சொன்னார்: "எல்லா டிரம்முலயும் ரெண்டடில கோடு. எல்லாருக்கும் ஒரே உயரம். இதுல ஒருத்தருக்கும் வஞ்சகமில்ல."

ஒல்லி டிரம் வைத்திருந்தவர்களும் தலையாட்டினார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இரண்டு அடியில் எங்களுக்கு எழுபத்தைந்து லிட்டர், செல்வம் வீட்டுக்கு நூற்று எழுபது. திரும்பி அம்மாவைப் பார்த்தேன்.

"விடுடி. இந்தத் தெருவுலதான குடியிருக்கணும்" என்றாள் கோடு போடச் சொன்ன அம்மா.

எங்களுக்குக் குறைந்துபோன தண்ணீரைத் தொலைவில் ஒரு தோட்டத்துப் பம்புசெட்டில் பிடித்துச் சுமந்தவள் நான். வாரம் இரண்டு நாள் முதல் பீரியடுக்குப் போக முடியவில்லை. முதல் பீரியடு கணக்கு. அந்த வருடம் கணக்கில் தோற்றேன்.

இப்போது தெருவில் குழாய் வந்துவிட்டது, மாடிதோறும் டேங்க் நிற்கிறது, லாரி வருவதில்லை. எங்கள் டிரம்மில் குப்பை கொட்டுகிறோம். எண்பதில் சிவப்புக் கோடு இன்னும் அழியவில்லை. போன பொங்கலுக்குத் தெரு வாட்ஸ்அப் குழுவில் செல்வத்தின் மகன் எழுதியிருந்தான்: "அப்பல்லாம் தண்ணியக்கூட எம்புட்டு ஒத்துமையா, சமமாப் பிரிச்சுக்கிட்டோம்!" கீழே வரிசையாக இதயங்கள். அவற்றில் ஒன்று என் அம்மா போட்டது.