சாம்பசிக்கு முப்பத்தெட்டுக் கிலோமீற்றர்

சாம்பசி ஆற்றங்கரையில் யானை பார்ப்பதற்காக நான் பயணம் செய்த மொத்தத் தூரம் முப்பத்தெட்டுக் கிலோமீற்றர். ஸ்காபரோவில் மார்க்கம் வீதியும் எக்ளின்ரன் அவெனியூவும் சந்திக்கும் இடத்திலுள்ள எங்கள் அடுக்குமாடியிலிருந்து ரொறன்ரோ விமான நிலையம் வரை. ராக்சிக்கு நாற்பத்தைந்து டொலர். ஆபிரிக்காவுக்குப் போய்வந்தவர்கள் எழுதியதை நிறைய வாசித்திருக்கிறேன். போகாதவர்கள் எழுதக்கூடாது என்று எங்கும் சட்டம் இல்லை. எனவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

1997 ஏப்ரல், ஒரு புதன்கிழமை காலை. கண் வைத்தியரிடமிருந்து நானும் என் கணவரும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் கணித ஆசிரியராக இருந்தவர். ஊரிலும் இங்கேயும் எல்லோரும் அவரை மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். சலரோகம், அதாவது நீரிழிவு, அவருடைய கண்ணுக்குள் இறங்கியிருந்தது. இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணுக்கு மூன்று தரம் லேசர் அடித்தாயிற்று. இன்னும் ஒரு வருடம் கிடைக்கலாம், அதற்கும் உத்தரவாதம் இல்லை என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பஸ் கெனடி நிலையத்தை நெருங்கும்போது மாஸ்ரர் வாயைத் திறந்தார்.

"செப்ரெம்பரிலை லிவிங்ஸ்ரனுக்குப் போவம். ஆனை பாக்கவேணும்."

லிவிங்ஸ்ரன் சாம்பியாவில் சாம்பசி ஆற்றுக்குப் பக்கத்திலுள்ள ஊர். எழுபத்தொன்பதாம் ஆண்டிலிருந்து எண்பத்துமூன்று வரை அவர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் பலர் அப்படி ஆபிரிக்காவுக்குப் போனார்கள். என் அம்மா படுத்த படுக்கையாக இருந்ததால் நான் கூடப் போகவில்லை. மாதம் இரண்டு கடிதம் வரும். வரட்சிக் காலத்தில் பின்னேரம் யானைகள் கூட்டமாக ஆற்றைக் கடக்குமாம். தும்பிக்கையை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நீந்துமாம். குட்டிகளை நடுவில் விட்டுக்கொண்டு போகுமாம். வாசித்துவிட்டு அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சப் போய்விடுவேன்.

இப்போது பார்வை போவதற்கு முன் அதை இன்னொரு தரம் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். யார்தான் வேண்டாம் என்பார்கள்? அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு யோசனைதான். கண் போவதற்குள் இந்த மனுசனை அந்த ஆற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வேறு யாரும் அதைச் செய்யப்போவதில்லை.

ஏப்ரல் கடைசி, ஞாயிற்றுக்கிழமைகள். திட்டமெல்லாம் அவர் சொல்ல நான் எழுதினேன். நவம்பரில் மழை தொடங்கும். மழை வந்தால் காட்டுக்குள் எல்லா இடமும் தண்ணீர் நிற்கும், யானைகள் ஆற்றை விட்டுக் கலைந்துபோய்விடும். ஆகவே செப்ரெம்பர், மிஞ்சினால் ஒக்ரோபர். ரொறன்ரோவிலிருந்து லண்டன் 5,700 கிலோமீற்றர். அங்கே விமானம் மாறி லுசாக்கா, 7,900. லுசாக்காவிலிருந்து லிவிங்ஸ்ரனுக்கு பஸ்ஸில் 480, எட்டு மணித்தியாலம். பின்னேரம் நான்கு மணிக்குப் படகு, இரண்டு மணித்தியாலத்துக்கு முப்பது அமெரிக்க டொலர். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைத் திரும்பியும் பாராமல் அவர் இதையெல்லாம் கடகடவென்று சொன்னார். நான் அவருடைய ஞாபகசக்தியை மெச்சிக்கொண்டு எழுதினேன். படகில் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்றுகூடச் சொன்னார். "நீர் இடப்பக்கம் இரும். கரை அந்தப் பக்கம்தான் கிட்ட வரும்."

மே 10, சனிக்கிழமை. ரிக்கற் வாங்கப் போனேன். இங்கேதான் நான் செய்த திருவிளையாடலைச் சொல்லவேண்டும்.

எங்கள் ஆட்கள் பயணம் போவதை வெளியே சொல்லமாட்டார்கள். கண்ணூறு படும். புறப்பட்டுப் போய்ச் சேர்ந்து அங்கிருந்து தொலைபேசி எடுத்த பிறகுதான் ஊருக்குத் தெரியவேண்டும். எனக்கு இந்தப் பயம் மற்றவர்களைவிட ஒரு பிடி கூட. கண் தெரியாமல் போகிற மனுசனின் கடைசி ஆசை, இதில் ஒருத்தருடைய நாவும் படக்கூடாது என்று நினைத்தேன். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போய் அருச்சனை செய்தபோதுகூட 'ஒரு பயணம்' என்று மட்டும்தான் மனதுக்குள் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல, யானைமுகத்தாரிடமே யானை பார்க்கப் போவதை மறைத்தவள் நான்.

எங்கள் கட்டடத்துக்குக் கீழேயே தமிழ்க் கடையோடு ஒட்டி ஒரு தமிழ்ப் பயண முகவர் இருந்தார். கதிரையில் இருக்க முதலே "என்ன பேப்பர் வைச்சிருக்கிறியள்?" என்று, கடவுச்சீட்டா வேறு பத்திரமா என்பதை அறியக் கேட்பவர். அவரிடம் போனால் பின்னேரத்துக்குள் பதினெட்டு மாடிக்கும் செய்தி போய்விடும் என்று, ரோக்கன் போட்டுச் சுரங்கரயிலில் ஐம்பது நிமிடம் போய் யங் வீதியில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையிடம் வாங்கினேன். ஆளுக்கு 2,180 டொலர். நீங்கள் இரண்டு பேரும் கனடாக்காரர்தானே என்று அந்தப் பிள்ளை கேட்டது. ஓம் என்றேன். பத்து வருடமாக நான் இங்கே இருக்கிறேன், வேறென்ன சொல்வது? நான் முதலில் வந்து குடியுரிமை எடுத்தவள். மாஸ்ரர் ஐந்து வருடம் பிந்தி அகதியாக வந்தவர், அவருடைய குடியுரிமை விண்ணப்பம் இன்னும் எங்கேயோ வரிசையில் கிடந்தது. அவரிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். அந்தக் கதையை அந்தப் பிள்ளைக்கு அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை.

சாம்பியா விசா ஒட்டாவாவிலிருந்து தபாலில் வந்தது, ஆறு கிழமை. யூலையில் மஞ்சள் காய்ச்சல் ஊசி, ஆளுக்கு எழுபது டொலர். கட்டடத்தில் கேட்டவர்களுக்கு, மொன்றியலில் என் சின்னம்மாவின் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, இரண்டு கிழமை நிற்கப்போகிறோம் என்றேன். இல்லாத பிள்ளைக்கு இரண்டு பேர் சட்டை வாங்கித் தந்தார்கள்.

செப்ரெம்பர் 9, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் மூன்றரைக்கு ராக்சி. ஓட்டுநர் சோமாலியாக்காரர். ஆபிரிக்காவுக்கு என்றதும் சந்தோசப்பட்டு, யாரைப் பார்க்க என்று கேட்டார். யானையை என்றதும் கண்ணாடியில் எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு வானொலியைப் போட்டார். விமான நிலையத்தில் மாஸ்ரர் என் முழங்கையைப் பிடித்தபடியே வந்தார். கலியாணம் செய்து இருபத்தாறு வருடத்தில் வெளியிடத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

நாலேமுக்காலுக்கு எங்கள் முறை வந்தது. நீலச் சீருடைப் பெண் என் கடவுச்சீட்டைப் பார்த்துத் தலையாட்டினாள். மாஸ்ரரின் பத்திரத்தைப் புரட்டினாள், திரும்பவும் புரட்டினாள், பிறகு யாரையோ கூப்பிட்டாள். விமானம் மாறுவதற்கு மட்டும் லண்டனில் இறங்குவதானாலும் இந்தப் பத்திரத்துக்கு விசா வேண்டுமாம். அது இல்லாமல் ஏற்றமுடியாதாம். நான் போகலாமாம். அவள் மரியாதையாகத்தான் சொன்னாள், இரண்டு தரம் மன்னிப்பும் கேட்டாள். நான் மன்றாடினேன், கண் வைத்தியரின் கடிதத்தைக் காட்டினேன், கடைசியில் சத்தமும் போட்டேன். பின்னால் நின்றவர்கள் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்கள்.

மாஸ்ரர் என் கையை விட்டார்.

"நீர் போம்" என்றார்.

"உங்களுக்கென்ன விசரே? நான் தனியப் போய் என்ன செய்யிறது?"

"போய்ப் பாத்திட்டு வாரும். படகிலை இடப்பக்கம் இரும். நான் ராக்சி பிடிச்சு வீட்டை போயிடுவன்."

இவருக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆசைப்பட்டவர் இங்கே நிற்க நான் போய் யானை பார்ப்பதா? ஆத்திரத்தில் பேசக்கூடாததெல்லாம் பேசினேன். அவர் பெட்டியின் கைப்பிடியைத் தடவிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழு மணிக்கு விமானம் எங்களை விட்டுவிட்டுப் போனது.

பிரிட்டிஷ் விசா எடுக்க மூன்று கிழமை ஆகுமாம். நான் வேலை செய்யும் பிறம்ரன் பண்டகசாலையில் ஒக்ரோபரிலிருந்து கிறிஸ்மஸ் சரக்கு ஏறும், அதற்குப் பிறகு ஒரு நாள்கூட லீவு தரமாட்டார்கள். பிறகு மழை. அடுத்த வரட்சிக்கு ஒரு வருடம் இருக்கவேண்டும், அந்த ஒரு வருடம்தான் அந்தக் கண்ணில் இல்லை. இதே பிழையில் இதே விமான நிலையத்தில் எங்கள் கட்டடத்து ஆறாம் மாடிக்காரர் ஒருவர் யூன் மாதம் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. கட்டடம் முழுக்க அந்தக் கதை தெரியும். நான் ஒருத்தியிடமாவது வாயைத் திறந்திருந்தால் போதும்.

செப்ரெம்பர் 10 முதல். நாங்கள் மொன்றியலில் இருந்தோம். அதாவது பதினோராம் மாடியில் திரைச்சீலையை மூடிக்கொண்டு, வானொலியை மெதுவாக வைத்துக்கொண்டு, கதவு தட்டினால் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். தமிழ்க் கடைக்குப் போகமுடியாது. பெட்டிக்குள் பயணத்துக்கென்று கட்டிய பிஸ்கற்றையும் பருத்தித்துறை வடையையும் சாப்பிட்டோம். கறி தாளித்தால் மணம் நடைபாதைக்குப் போய்விடும் என்று அவித்த முட்டையும் பாண் ரொட்டியும். வேறு நேரமென்றால் இதைச் சொல்லிச் சிரித்திருப்பேன். அப்போது சிரிப்பு வரவில்லை. மாஸ்ரர் என்னை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

செப்ரெம்பர் 18, வியாழக்கிழமை. ஒன்பதாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்காபரோவின் கிழக்குக் கோடியில் மிருகக்காட்சிச்சாலை இருக்கிறது, அங்கே ஆபிரிக்க யானைகளும் இருக்கின்றன. வாரநாளில் எங்கள் ஆட்கள் ஒருவரும் வரமாட்டார்கள். ஆறு இல்லாவிட்டாலும் யானையாவது கண்ணில் படட்டும் என்று அவரை இழுத்துக்கொண்டு போனேன். படிக்கட்டால் இறங்கிப் பின்கதவால் வெளியே வந்து 86ஆம் இலக்க பஸ் எடுத்தோம். நுழைவுச்சீட்டு ஆளுக்குப் பன்னிரண்டு டொலர். வானம் மூடியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று போனபிறகு பாதையில் ஒருவரும் இல்லை.

பதினொன்றேகாலுக்கு யானைகளின் இடத்துக்கு வந்தோம். வெறும் மண் வெளி, தடித்த வேலி, வலப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு சீமெந்துக் கட்டடம். இடப்பக்க மூலையில் மூன்று யானைகள் சத்தமில்லாமல் வைக்கோல் தின்றுகொண்டு நின்றன. மாஸ்ரர் வேலியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அவருடைய முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மலர்ந்திருந்தது.

"பெரிய ஆனை, என்ன? காதைப் பாரும்" என்று கையை நீட்டினார்.

அவர் காட்டிய பக்கத்தில் சீமெந்துச் சுவர்தான் இருந்தது.

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். ஆனால் இந்த மனுசன் பகிடி விடுகிறவர் அல்ல. அவர் காட்டிய சுவரையும் யானைகளையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, எத்தினை நிக்குது?"

நீட்டிய கையை அவர் இறக்கினார்.

"வெளிச்சம் தெரியுது" என்றார்.

"எப்ப இருந்து இப்பிடி?"

"யூனிலை இருந்து."

யூனிலிருந்து. நான் மத்தியானம் வேலைக்குப் போய் இருட்டி வருகிறவள். வீட்டில் அவர் சுவரைத் தடவிக்கொண்டு நடந்ததை நான் கவனிக்கவில்லை. கையெழுத்தை நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டார். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்தார், நான் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டேன்.

"பிறகென்னத்துக்கு ஆனை பாக்கப் போகவேணுமெண்டு நிண்டனீங்கள்?"

"நான் பாத்தாச்சு" என்றார். "நாலு வருசம் பாத்தனான். நீர்தான் பாக்கேல்லை. கண் போயிட்டுதெண்டு சொல்லியிருந்தா நீர் ரிக்கற்றைத் திருப்பிக் குடுத்திருப்பீர்."

திருப்பித்தான் கொடுத்திருப்பேன். 'நீர் போம்' என்று அவர் சொன்னது எதற்கென்று ஒன்பது நாள் கழித்து அந்த வேலியோரத்தில்தான் எனக்கு விளங்கியது. அவரை நான் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகிறேன் என்று ஐந்து மாதம் ஓடித்திரிந்தேன். அவர் என்னைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். என் இடத்தில் நின்று எந்தப் பக்கம் வடிவாகத் தெரியும் என்றுகூட யோசித்து வைத்திருந்தார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. உலுக்கவில்லை.

ஏரிப் பக்கமிருந்து குளிர்காற்று எழும்பியது. மாஸ்ரர் கோட்டின் பொத்தானைத் தடவிப் பூட்டினார். யானை ஒன்று நகர்ந்திருக்கவேண்டும், காலடியில் வைக்கோல் சரசரத்தது. அவர் சத்தம் வந்த பக்கம், இந்தத் தடவை சரியான பக்கம், முகத்தைத் திருப்பினார்.

"உமக்கு வடிவாத் தெரியுதோ?" என்று கேட்டார்.

நான் அந்தப் பக்கம் பார்த்தேன். கண் நிறைந்துபோய் வேலியும் தெரியவில்லை, யானையும் தெரியவில்லை.

"ஓம், தெரியுது" என்றேன்.