பீ-லுவான் ஏறிய மேடு

பீ-லுவானுக்குச் சைக்கிள் என்றாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சந்தையில் பேசிக்கொள்வதைக் கேட்டுவிட்டு, அவள் ஏதோ பிறவி வீராங்கனை என்று நீங்களும் நினைத்துவிடுவீர்கள். ஃபெங்யுவான் சந்தையில் என் மீன் உருண்டைக் கடைக்கு எதிரே டப்பாச் சோறு விற்றாள். காலையெல்லாம் பன்றித் துண்டம் பொரிப்பாள், மிஞ்சியதைத் தானே தின்பாள், பிறகு நாற்காலியை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்.

அவள் கணவன் சுங்-ஹெவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் எல்லாம் சோதித்துவிட்டு, பொருந்துகிறது, ஆனால் இந்த எடைக்கும் இந்தச் சர்க்கரைக்கும் கத்தி வைக்க முடியாது, உடம்பைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தாள்.

"யுன்-யிங், உங்க சைக்கிள் கூட்டத்துல என்னையும் சேத்துக்குவீங்களா?"

"எங்களுக்கென்ன. சைக்கிள் என்ன சொல்லுதுன்னு கேட்டுக்க."

"கிண்டல் பண்றதுன்னா மேட்டுல ஏறும்போது பண்ணு. இப்ப அழுகையா வருது."

எங்கள் கூட்டம் பெரிய கூட்டமில்லை. சந்தைக்காரர்கள் சிலர். ஞாயிறுதோறும் மிதிப்போம். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும், கோயிலில் சாமிக்குப் படைத்த அரிசியைப் பைகளில் கட்டிக்கொண்டு ஜுவோலான் மேட்டுக்குப் போய், முடியாதவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டு வருவோம். வேனில் போட்டால் சட்டென்று முடிகிற வேலைதான். ஆனால் மிதித்துக் கொண்டுபோனால் உடம்புக்கும் ஆச்சு, புண்ணியத்துக்கும் ஆச்சு.

முதல் மாதங்களில் அவள் சைக்கிளை ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம். குளிர்காலத் தூறலில் ஒரு ஞாயிறு ஆளைக் காணோம். போய்க் கதவைத் தட்டினேன். சுங்-ஹெதான் திறந்தான்.

"உள்ளதான் இருக்கா. ராத்திரியே சைக்கிள் டிரஸ்ஸைப் போட்டுக்கிட்டுப் படுத்தா, காலையில சாக்கு சொல்லக் கூடாதுன்னு. இப்ப அதைப் போட்டுக்கிட்டே சாக்கு சொல்லிட்டிருக்கா."

"முட்டி வலிக்குதுடி, ஒருநாள் விட்டா என்ன?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"விடட்டும் அக்கா. எனக்கென்ன அவசரம்," என்றான் அவன்.

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவள் எழுந்து வந்துவிட்டாள். வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே மிதித்தாள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவன் ஊசி குத்தாத கையால் அவள் டயருக்குக் காற்றடிப்பான். "என் கிட்னிக்குக் காத்தடிக்கிறேன்," என்பான். நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள்.

மேட்டில் தள்ளியவள் ஏற ஆரம்பித்தாள். உடம்பு இறங்கியது, சர்க்கரையும் இறங்கியது. அடுத்த சந்திரப் புத்தாண்டு கழிந்ததும் ஆபரேஷன் என்று டாக்டர் தேதி கொடுத்துவிட்டார்.

அதற்கு முந்தின அரிசி ஞாயிறு அது. ஜுவோலானில் தூ என்று ஒருவர், முன்னாள் லாரி ஓட்டுநர். சர்க்கரையில் ஒரு கால் போய்விட்டது. நாலைந்து நட்சத்திரப் பழ மரங்களோடு தனியாக இருக்கிறார். அந்த மேட்டில் யாருமே அரிசிப் பையை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள். முள்ளங்கியோ முட்டையோ எதையாவது போட்டுத்தான் தருவார்கள். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த மாதம் அரிசியை வாங்க மாட்டார்கள். அன்று பீ-லுவானுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"என்னம்மா குரல் இப்படி ஆயிடுச்சு? இரு," என்றார் தூ. வருஷக்கணக்கில் உப்பில் ஊறிய நட்சத்திரப் பழச் சாற்றை எடுத்துவந்து, அவள் சைக்கிளிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கழுவி அதில் நிறைய ஊற்றினார். "மருந்துக் கடையில இந்த மருந்து கெடைக்காது."

சிறுநீரகம் போனவர்களுக்கு நட்சத்திரப் பழம் விஷம். டயாலிசிஸ் அறைச் சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கும். அவளுக்குத் தெரியாதா? அவர் முகத்தைப் பார்த்து மறுக்க மனமில்லாமல் வாங்கிக்கொண்டாள். "அவருக்குத்தான் ஆகாது, எனக்கென்ன," என்று இறக்கத்தில் என்னிடம் சொல்லிச் சொல்லிப் பாதியைக் குடித்தாள். தொண்டை திறந்துவிட்டது என்றாள்.

வீட்டில் சைக்கிளைச் சாத்திவிட்டுக் குளிக்கப் போனாள். டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுப்பார்கள். எந்நேரமும் தாகம். சைக்கிளைத் துடைக்க வந்த சுங்-ஹெ பாட்டிலை எடுத்தான். தண்ணீர்தானே என்று மடக்கு மடக்காகக் குடித்துவிட்டான். ருசி தெரிந்திருக்கும். தேதி நெருங்குகிற நேரத்தில் இவளை எதற்குப் பயமுறுத்துவது என்று வாயை மூடிக்கொண்டான், பாவி.

சாயங்காலம் விக்கல் வந்தது. அவன் முதுகில் தட்டிக் கேலி செய்தாள். விக்கல் நிற்கவில்லை. விடிவதற்குள் பேச்சு குழறியது. "உன் பாட்டில்ல இருந்தது தண்ணி இல்லையே," என்று மட்டும் சொன்னான். அதன்பின் அவளை அடையாளம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சுத்தம் செய்து பார்த்தார்கள். பலிக்கவில்லை.

துக்க வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

"மாடிப்படி ஏறுறேன் யுன்-யிங், மூச்சே வாங்கல. ஆத்திரமா வருது. இந்த உடம்பை வச்சு நான் இனிமே என்ன பண்ண?"

இனி அவள் சைக்கிளைத் தொட மாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கூட்டத்தில் பேச்சு வேறு பக்கம் போனது. அந்தத் தூவிடம் போய்ச் சொல்ல வேண்டும், அந்தாளுக்குத் தெரிய வேண்டாமா என்று சிலர் குதித்தார்கள். எனக்கும் கோபம் இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த அரிசி ஞாயிறு காலையில் சைக்கிள் உடுப்போடு வந்து நின்றாள் பீ-லுவான். சட்டைக் கையில் துக்கச் சணல் துணி குத்தியிருந்தது.

"நான் வரலைன்னா எங்கேன்னு கேப்பாரு. உங்கள்ல ஒருத்தர் ஒளறிடுவீங்க. அப்புறம் அந்த மனுஷன் அரிசியைத் தொடுவாரா? யாரும் மூச்சு விடக் கூடாது."

மேட்டை ஒரே மூச்சில் ஏறினாள். துக்கம் உள்ளவர்கள் அடுத்தவர் வீட்டுப் படி மிதிக்கக் கூடாது என்பதால் சந்திலேயே சைக்கிளோடு நின்றுகொண்டாள். தூ கட்டையை ஊன்றிக்கொண்டு அவரே வெளியே வந்தார். சணல் துணியைப் பார்த்தார்.

"யாரும்மா?"

"வீட்டுக்காரருண்ணே."

"என்ன பண்ணுச்சு?"

"கிட்னி. ரொம்ப நாளாவே."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. "அழுது அழுது தொண்டை போயிருக்கு ஒனக்கு," என்று பாட்டிலை உருவிக்கொண்டு உள்ளே போனார். நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள்.

"நல்லா இருக்குண்ணே," என்றாள்.

இப்போதும் மாதந்தோறும் வருகிறாள். அவரும் மாதந்தோறும் நிரப்பித் தருகிறார். அவர் முன்னால் நின்றே, ஒரு சொட்டு மிச்சமில்லாமல், முழுவதையும் குடித்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுகிறாள்.