நடுவில் ஓட்டை வைத்த அடுப்பும் மூன்று ஸ்லிப்பும்

அடுப்பு விற்பது ஒரு தொழில். விற்ற அடுப்பை எப்படி ஓட்டுவது என்று வீடு வீடாகப் போய்க் காட்டித் திட்டு வாங்குவது இன்னொரு தொழில். பிளஸ் டூ முடித்த கையோடு நான் சேர்ந்தது இரண்டாவதில். வாளையார் ரோட்டில், லாரிச் சத்தத்துக்கு நடுவே எங்கள் கடை. புதுச் சரக்கு, நடுவில் ஓட்டை வைத்த இண்டக்‌ஷன் அடுப்பு. தலைக்கு மேலே சிம்னி கிடையாது. அடுப்பின் நடுவிலேயே ஒரு கம்பி வலை. அதற்கடியில் இருக்கிற ஃபேன் ஆவியையும் தாளிப்பு நெடியையும் கீழே இழுத்துக்கொள்ளும்.

அடுப்பு நல்ல அடுப்புதான். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது மேனேஜரை நினைத்தால். யார் எதைக் கேட்டாலும் இரண்டு முறை தொண்டையைச் செருமுவார். பிறகு மலையாளத்தில், "எது வேணமெங்கிலும் வைக்காம். ஒரு குழப்பமும் இல்லா. கேரண்டி ஞான்." எதை வேண்டுமானாலும் வைக்கலாம், பொறுப்பு அவர்; அவ்வளவுதான், விற்றாயிற்று. மாட்டுவது ஃபிட்டர் சேவியர் அண்ணன். ஏலப்பாறைத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து குடும்பத்தோடு இறங்கி வந்தவர். எது கோளாறானாலும் கம்ப்ளெயின்ட் ஸ்லிப் அவர் பேரில்தான் விழும். எனக்கு எல்லார் குரலிலும் பேச வரும், மேனேஜர் குரல் உட்பட. இந்த அடுப்பை வாங்கி முதல் வாரத்தில் முழித்த எல்லாரும் என் கட்சி என்று நினைத்து எழுதுகிறேன்.

அன்னாசிப்பழக் காந்தம்

முதல் வீடு தென்னந்தோப்புக்கு நடுவில். அந்த அக்கா ஆசையாகக் குளித்து, பொட்டு வைத்து, அலுமினியக் குண்டாவில் பருப்போடு நின்றிருந்தார். வைத்தேன். அடுப்பு கீச் கீச் என்றது; கண்ணாடியில் ஒரு கோடு மினுக்கி மினுக்கி அணைந்தது. பித்தளை உருளி வைத்தேன். அதே கீச். மண்சட்டி. கீச்.

நான் பையிலிருந்து அன்னாசிப்பழம் மாதிரி இருக்கும் ஃபிரிட்ஜ் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துக் காட்டினேன். ஒட்டினால்தான் சூடேறும் என்றேன். அந்த வீட்டில் மொத்தம் ஒட்டியது ஒரு தோசைக்கல்லும் அரிவாள்மனையும். விற்கும்போது இதைச் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? மேனேஜருக்கு அந்த ஒரு நிமிஷம் இல்லை. சேவியர் அண்ணன் பேரில் முதல் ஸ்லிப். "மாட்டினது சரியில்லை" என்று எழுதிவிட்டு அக்கா என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, பத்து வருசமா இருக்கற பாத்திரத்தையே கண்டுக்காத அடுப்பு, நாளைக்கு என்னைய மட்டும் கண்டுக்குமாக்கு?"

கஞ்சி போன வழி

அடுத்தவர் ரிட்டையர்டு வாத்தியார். மனைவி மகளுடைய பிரசவத்துக்குப் போயிருக்க, சமையல் அவர் பொறுப்பு. காந்தம் ஒட்டுகிற பாத்திரமாகப் பார்த்து வாங்கி வைத்திருந்தார். மனசுக்குள் கை தட்டினேன். மூன்றாம் நாள் ஃபோன்: அடுப்புக்குக் கீழே தண்ணீர் ஒழுகுகிறது.

போய்ப் பார்த்தால் டிராயருக்குள் டீத்தூளும் சீனியும் சேர்ந்து குழம்பாகிக் கிடக்கின்றன. ஒரே பிசுபிசுப்பு. வாத்தியார் மட்டை அரிசி வேகவைத்து, பானைக்கு வடிதட்டை மூடி, பதமாகச் சாய்த்து, கஞ்சித் தண்ணியை நடு ஓட்டைக்குள் வடித்திருக்கிறார். மூன்று நாளும். பொங்கி வழிவதைப் பிடிக்க உள்ளே ஒரு சின்ன டப்பா உண்டு. மூன்று பானைக் கஞ்சிக்கு அது என்ன செய்யும்? சேவியர் அண்ணன் தரையில் மல்லாந்து படுத்துக் கழற்றித் துடைத்தார். மூக்கில் ஒரு சோற்றுப் பருக்கை. நான் சிரித்துவிட்டேன்; அப்புறம் ஸ்லிப் நோட்டை வாத்தியார் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. கேரண்டி கொடுத்த வாய் கடையில் ஏசிக்குக் கீழே இருக்கிறது, தரையில் கிடக்கிற மனுஷன் பேரில் ரெண்டாவது ஸ்லிப். வாத்தியாரிடம் அது ஆவி போகிற வழி என்று விளக்கினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நடுவுல ஓட்டையையும் வெச்சு, அதும்மேல சல்லடையும் போட்டா, தண்ணி ஊத்தறதுக்கில்லாம வேறெதுக்குங்க?"

நான் பண்ணின வேலை

இதைச் சொல்லாமல் விட்டால் நானும் மேனேஜரும் ஒன்று. மறுநாள் மத்தியானம் சேவியர் அண்ணன் வண்டியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் கோடவுனுக்குப் பின்னால் நின்று, மேனேஜர் குரலில் அவருக்கு ஃபோன் போட்டேன். இரண்டு செருமல். "சேவியரே, ஒரு காரியம் பறயான் உண்டு. ஆபீஸிலேக்கு வரூ."

நம்பர் யாருடையது என்றுகூடப் பார்க்கவில்லை அவர். பொட்டலத்தை மூடாமல், கையைக் கழுவாமல் ஓடி வந்தார். முகத்தைப் பார்த்ததும் குறுக்கே போய் நின்றேன். நான்தான், நான்தான் என்றேன். மூன்று ஸ்லிப் சேர்ந்தால் ஃபிட்டரை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களாம். ஸ்லிப்புக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"ஏட்டி, வெளையாட வேற ஆளைப் பாரு. இன்னொரு ஸ்லிப்பு விழுந்தா, இப்பத்தான் இங்க பள்ளிக்கூடத்துல சேத்த பிள்ளைய மறுபடி மலைக்குக் கூட்டிட்டுப் போவணும்."

பால் பொங்கிய காலை

மூன்றாவது வீடு புது வீடு. விடிந்ததும் பால் காய்ச்சு. புது அடுப்பில்தான் காய்ச்ச வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா உறுதியாக இருந்தார். மேனேஜர் விருந்தாளியாக ஹாலில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுக்களையில் பித்தளைச் செம்பு, அதன் கழுத்தில் மஞ்சள் கொத்து. காந்தம் ஒட்டவில்லை. கெஞ்சிக் கூத்தாடி காந்தம் ஒட்டுகிற எங்கள் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றினேன். மஞ்சளும் மாறியது.

அடுப்புப் பக்கத்தில் குத்துவிளக்கு. பால் சூடேறியதும் ஃபேன் தானாக முழித்துக்கொண்டு உறுமியது. விளக்குச் சுடர் ஓட்டைப் பக்கம் சாய்ந்தது, நீண்டது, அணைந்தது. வீட்டுக்கார அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. சேவியர் அண்ணன் சுவரோடு ஒட்டி நின்றார். ஃபேன் ஆட்டோவில் இருந்தது, அவ்வளவுதான். அதை அணைத்து விளக்கை நான் மறுபடி ஏற்றுவதற்குள் அந்த அம்மா ஹாலுக்குப் போய்விட்டார்.

"ஃபிட்டரோட தப்பு. ஸ்லிப் எழுதிக்கோங்க அம்மா" என்ற மேனேஜர் குரல் கேட்டது. நோட்டைக்கூடத் தானே கொண்டுவந்திருக்கிறார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த அம்மா, "வெளக்கு பக்கத்துல வெக்கலாமான்னு உங்ககிட்டக் கேட்டனுங்களே" என்றார். மேனேஜர் வாய் நிறைய ஜாங்கிரி. பதில் அடுக்களையிலிருந்து போயிற்று. இரண்டு செருமல். "வெளக்கோ, பித்தளையோ, எது வேணமெங்கிலும் வைக்காம். ஒரு குழப்பமும் இல்லா. கேரண்டி ஞான்."

ஹாலே மேனேஜர் வாயைப் பார்த்ததாம். அது மென்றுகொண்டிருந்ததாம். "இதே வார்த்தைதானுங்க அன்னைக்கும் சொன்னீங்க" என்றார் அம்மா. அந்த நேரம் பால் பொங்கி வழிய, எல்லாரும் உள்ளே ஓடி வந்து பார்த்தார்கள். வழிந்த பால் பட்டன்மேல் பட்டதும் அடுப்பு கீச்சென்று தானே அணைந்தது. பொங்கின பிறகு அணைந்ததால் யாரும் குறை சொல்லவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்லிப் நோட்டைத் திறந்தார். சேவியர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா திரும்பியது மேனேஜர் பக்கம்.

"புகார் யார் மேலன்னு ஒரு கட்டம் இருக்குதுங்களே, உங்க பேரை முழுசா எப்படிங்க எழுதறது?"

சேவியர் அண்ணனின் மகள் இங்கேயே பள்ளிக்கூடம் போகிறாள், எனக்கு மட்டும் சளி பிடித்தாலும் கடைக்குள் தொண்டையைச் செருமக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு வந்திருக்கிறது.