தூக்கி வந்தவர்களின் விசுவாசம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்குள் முதலில் நுழைவது பவுடர் வாசனை. அதன் பின்னால்தான் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைகளில் ராஜமணி மாமாவும் மற்ற மூவரும் வருவார்கள். நால்வரும் அப்பாவோடு கொத்தனார் வேலை பார்த்தவர்கள். சாரத்திலிருந்து விழுந்து அப்பாவின் கால்கள் செயலற்றுப் போன பிறகு, இரணியலுக்குப் பக்கத்தில் மேட்டின்மேல் இருந்த எங்கள் ஆலயத்துக்கு அவரைப் பிரம்பு நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறுவது அவர்கள் வழக்கம். பாதி வழியில் ஒருவர், "நேத்து என்னலே தின்ன, இந்தக் கனம் கனக்க?" என்பார். "மரச்சீனிக் கிழங்கும் மீனும்" என்பார் அப்பா, உயரத்தில் இருந்தபடியே.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பாவுக்காக எங்கள் வீட்டில் "உபவாச ஜெபம்" வைத்தார்கள். ஜெபித்த எண்ணெயைக் கால்களில் பூசிவிட்டு, இப்போது எழுந்துவிடுவார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எழவில்லை. ஜெபக்குழுவை நடத்திய கிரேஸ் அக்கா, புறப்படும்போது அம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னார்: "அண்ணனுக்கு விசுவாசம் காணாது." உள்ளே படுத்திருந்த அப்பாவுக்கு அது கேட்டுவிட்டது. அன்று அவர் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு நால்வரும் வந்தபோது, "என்னை இனி தூக்காண்டாம்" என்றார். "எனக்கு நம்பிக்கை வரல்ல. பின்ன எதுக்கு உங்களுக்கு இந்தப் பாடு?"

சேலை மாற்றி நின்றிருந்த அம்மா கைக்குட்டையை மடித்து மடித்துச் சிறிதாக்கினாள். அப்பா இன்று வீட்டில் இருந்துவிட்டால் இனி எங்குமே வரமாட்டார் என்று எனக்கும் புரிந்தது.

ராஜமணி மாமா நாற்காலியை இழுத்துப் போட்டார். "கூரையப் பிரிச்சு ஒருத்தன கட்டிலோட இயேசு முன்னால எறக்கினாங்கல்லா? படுத்துக் கிடந்தவன் நம்புனானான்னு யாரு கேட்டா? தூக்கிட்டு வந்தவனுவ நம்பிக்கையத்தான் அவரு பாத்தாரு. நீ நம்பாண்டாம் மக்கா, நாங்க நம்பிக்கிடுதோம். நீ கனம் காட்டாம சும்மா இரி."

அப்பா சிரித்துவிட்டார். தூக்கிவிட்டார்கள்.

எதையும் வகை பிரித்துப் பார்க்கும் புத்தி எனக்கு அப்போதே உண்டு. பைபிளில் இயேசுவிடம் சுகம் பெற்றவர்களின் கதைகளை எல்லாம் அப்படிப் பிரித்தேன்: தானே நம்பி வந்தவர்கள், எஜமானோ தாயோ தகப்பனோ நம்பியதால் பிழைத்தவர்கள், குளத்தங்கரையில் கிடந்தவனைப்போலத் தன்னைச் சுகமாக்கியது யாரென்றே அறியாதவர்கள். ஞாயிறு பள்ளியில் கிரேஸ் அக்காவிடமே இதைச் சொன்னேன். "ஏட்டி, நீ வக்கீலுக்குத்தான் படிக்கணும்" என்றார். அந்த வாரம் அப்பாவுக்கு அயலை மீன் கறி கொண்டுவந்தார். விசுவாசத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

நான் வக்கீலாகவில்லை, நாகர்கோவிலில் மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்கிறேன். அப்பா இன்றுவரை நடக்கவில்லை. பிறகு நம்பினாரா என்று நான் கேட்டதுமில்லை; ஒரு ஞாயிறும் ஆலயத்துக்குப் போகாமல் இருந்ததில்லை, அவ்வளவுதான் தெரியும். இப்போது படிகளுக்குப் பக்கத்தில் சாய்வுதளம் கட்டியிருக்கிறார்கள், பேட்டரி நாற்காலியில் அவரே ஏறிவிடுகிறார். அவரைத் தூக்கிய நால்வரில் இருவர் இல்லை. ஒருவர் மகனோடு வெளியூரில். மிச்சம் ராஜமணி மாமா. மூட்டுத் தேய்ந்துபோன அவர், அப்பாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். அவருக்காக அப்பா வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறார்.