சலோமி டீச்சருக்கு வந்த காமாலை

மீன் பொரிக்கிற வாசனை வந்தாலே நான்கு நாளாகச் சலோமிக்குக் குமட்டியது. வெயில்தான் காரணம் என்று வீட்டில் சொல்லிவைத்தாள். ஐந்தாம் நாள் காலையில் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனதும், கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் இமையை இழுத்துப் பார்த்தாள். பார்த்ததை நம்பாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். மஞ்சள்தான்.

1981 மே ஆறாம் தேதி அது. பதினைந்தாம் தேதி புறப்பட வேண்டும்.

தலத்தெருவில் குடியிருந்த சலோமி, காரைக்காலில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானலிலிருந்து மூணாறுக்குக் காட்டுவழியாக நடந்து போக ஏற்பாடு செய்திருந்தாள். எட்டுப் பேரில் ஒருத்திகூட மலையைப் பார்த்தவள் இல்லை. ஏறிப் பழக ஊரில் ஒரு மேடு கிடையாது என்பதால், முதுகில் மணல் மூட்டையோடு பள்ளி மாடிப்படியில் நாற்பது தடவை ஏறி இறங்கினார்கள். சனிக்கிழமைகளில் வரிச்சிக்குடி வரை நடை. திரும்பி வந்ததும் சலோமி புளிச்சோறு பிசைந்து, ஆளுக்கு இரண்டு உருண்டை கையில் வைப்பாள்.

பெற்றவர்களைச் சம்மதிக்க வைக்கத்தான் ஒரு வருஷம் ஆயிற்று. ஜவுளிக்கடை ஹமீதின் வீட்டுக்கு மட்டும் ஆறு தடவை போனாள். "டீச்சர், உங்கள நம்பித்தான் எம்மவள அனுப்புறேன். வேற யாரு கூப்பிட்டாலும் முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார் கடைசியில். அவர் மகள் உம்மு சல்மா அன்றைக்கே புதுக் கான்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டாள்.

மின்சார ஆபீசிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கணவர் யாகப்பன் மனைவியின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் சைக்கிளைத் திருப்பினார். "ஏறு. டாக்டர்கிட்ட போவோம்."

டாக்டர் சுவாமிநாதன் நகத்தை அழுத்திப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். ஒரு மாதம் படுக்கை என்றார். சலோமி அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். தனக்குப் பதிலாகக் கணக்கு டீச்சர் கல்யாணசுந்தரியை அனுப்பலாம் என்று வழியிலேயே யோசித்து வைத்திருந்தாள். ஆனால் அவர் அடுத்துக் கேட்டதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"இந்த ரெண்டு வாரத்துல உங்க கையால யாரு யாரு சாப்பிட்டாங்க?"

சலோமிக்குப் புளிச்சோற்று உருண்டைகள் ஞாபகம் வந்தன. "எம் பிள்ளைங்க எட்டுப் பேரும், டாக்டர்."

"ஒட்டியிருந்தா இப்ப ஒண்ணும் தெரியாது. இருபது முப்பது நாள் கழிச்சுத்தான் காட்டும். ஒட்டாமலும் இருக்கலாம்."

மனசுக்குள் தேதிகளைக் கூட்டிப் பார்த்தாள். இருபதாவது நாள் பிள்ளைகள் காட்டுக்குள் இருப்பார்கள். ரோடு இல்லை, வண்டி இல்லை. வீட்டுக்கு வந்து படுத்தவள் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. ஒட்டாமலும் இருக்கலாம் என்றுதானே சொன்னார்? வாயைத் திறந்தால் ஒரு வருஷப் பாடும் போயிற்று. இனிமேல் எந்த வீட்டிலும் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். சொல்லாமல் விட்டு, அங்கே ஒருத்தி சுருண்டு விழுந்தால்? கண்ணை மூடினால் எட்டு முகமும் வரிசையாக வந்தன.

மூன்றாம் நாள், "ஒரு ரிக்‌ஷா கூப்பிடுங்க" என்றாள் யாகப்பனிடம்.

"நிக்கவே முடியல, எங்க போற?"

"எட்டு வீட்டுக்கும் போவணும். நானே சொல்லணும்."

வாசலிலேயே நின்று சொன்னாள். உள்ளே போய்த் தண்ணீர்கூட வாங்கவில்லை. சில வீடுகளில் பரிதாபப்பட்டார்கள். ஒரு அம்மாள் மகளை இழுத்து வெயிலில் நிறுத்தி, அங்கேயே கண்ணைப் பார்த்தாள். ஹமீது மட்டும் கத்தினார். "நோயையும் குடுத்துட்டு, வந்து சொல்லவும் செய்றீங்களா?" உம்மு சல்மா அழுதது ரிக்‌ஷா திரும்பும்வரை கேட்டது. பயணம் நின்றுபோயிற்று.

அதன்பின் ஒவ்வொரு நாளும் வாசலில் யார் குரல் கேட்டாலும் சலோமி தலையைத் தூக்கிப் பார்த்தாள். புறப்பட இருந்த பதினைந்தாம் தேதி போயிற்று. பதினேழாம் தேதி மத்தியானம் ஹமீது வந்து நின்றார்.

"சல்மாவுக்கு வந்துடுச்சு டீச்சர். காலையிலேர்ந்து வாந்தி. கண்ணு ரெண்டும் மஞ்சள்."

சலோமி எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வதென்று தலையைக் குனிந்தாள்.

 "இன்னைக்கு எம்புள்ள மலையில இருந்திருக்கும்" என்றார் அவர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "டாக்டரு பேரச் சொல்லுங்க. சீக்கிரம்."

உம்மு சல்மா ஐந்து வாரத்தில் தேறினாள். மற்ற ஏழு பேருக்கும் ஒன்றும் இல்லை என்று உறுதியாக ஜூன் மாதம் முடிய வேண்டியிருந்தது. 

மறுவருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் மறுபடி வீடு வீடாகப் போனாள். மூன்று வீட்டில் மறுத்துவிட்டார்கள். ஹமீது வீட்டுக்குப் போக மட்டும் அவளுக்குத் துணிவில்லை. அவரே பள்ளிக்கு வந்து கையெழுத்துப் போட்டார். "தப்புன்னா வாசலுக்கு வந்து சொல்ற ஆளு நீங்க" என்றார்.

ஐந்து பெண்களும் கல்யாணசுந்தரியும் சலோமியும் போனார்கள். இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அட்டை கடித்த காலோடு, வழுக்கும் பாதையில் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு ஏறினார்கள். மேட்டின் உச்சியில் மேகம் விலகியபோது எல்லோரும் கத்தினார்கள். சலோமி மட்டும் தலைகளை எண்ணினாள். ஐந்து. மறுபடியும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பள்ளத்தாக்கைப் பார்த்தாள்.