பனியனில் விழுந்த கரி

எங்கள் வீட்டில் துணி காயப்போட வேண்டுமென்றால் கரி எஞ்சினின் நேரம் பார்க்க வேண்டும். தாம்பரம் யார்டின் பின்சுவரை ஒட்டிய வீடு. ரயில் பெட்டிகளை இழுத்து மாற்ற அந்த எஞ்சின் வந்தால் போதும், கொடியில் கிடக்கும் வெள்ளைத் துணியெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். கூவல் கேட்டதும் ஓடிப்போய்த் துணியை அள்ளுவது என் வேலை. அதே எஞ்சினில்தான் அப்பா ஃபயர்மேன், நெருப்புக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். பகலெல்லாம் அந்தப் புகையைத் திட்டுகிற அம்மா, சாயங்காலம் புகை போட்டவருக்கே சோறும் போடுவாள்.

ஒருநாள் நான் அள்ளத் தாமதித்தேன். பள்ளிக்கூடச் சட்டை முழுக்கப் புள்ளி. டீச்சர் வெளியே நிற்கவைத்தார். அந்த வெள்ளிக்கிழமை மாடம்பாக்கம் கோயிலில் கண்ணை இறுக மூடி, எஞ்சின் இனி வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

பதினைந்து நாளில் எஞ்சின் நின்றுவிட்டது. அந்த இடத்துக்கு டீசல் வந்தது. டீசலுக்குப் போக அப்பாவுக்குக் கண் டெஸ்ட் வைத்தார்கள்; தேறவில்லை. எத்தனையோ வருடம் நெருப்பைப் பார்த்த கண். ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை தருகிறோம் என்றார்கள். அவர் போகவில்லை. லீவு போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

என் வேண்டுதல்தான் அப்பாவை இப்படிப் படுக்கவைத்துவிட்டது என்று பயந்தேன். இன்றைக்கும் போன் அடித்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் எடுக்கிறேன். அது அன்றைக்கு ஆரம்பித்தது. சாமியிடம் மாற்றி வேண்டிக்கொள்ளலாமென்றால் வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. அதுவரை அப்பா இப்படியே கிடந்தால்? பல் விளக்க இடித்துவைத்திருந்த கரித்தூளை எடுத்துப்போய், கொடியில் காய்ந்த அவர் பனியன்மேல் தூவினேன்.

பனியனை எடுக்க வந்தவர் பார்த்தார். அப்படியே சுவரோரம் ஓடி, எக்கி நின்று யார்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தூளை விரலில் தேய்த்தார்.

“பல்லு வெளக்குற கரியாச்சே இது. எஞ்சின் கரின்னா பிசுபிசுன்னு ஒட்டும். யாரு பண்ணது?”

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

“அட லூசு. நீ வேண்டிக்கினதாலயா நின்னுச்சு? வெள்ளக்காரன் ஊர்ல எப்பவோ நிறுத்திட்டான். உலகம் பூரா நின்னுகினே வருது, கண்ணு.”

உலகம் பூராவா!

“நான் தாம்பரத்துக்கு மட்டும்தாம்ப்பா வேண்டிக்கினேன்.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இங்க வாடி, உம் பொண்ணு இன்னா சொல்லுது பாரு” என்று அம்மாவைக் கூப்பிட்டார். சொல்ல வாயெடுப்பார், முடியாது, மறுபடி சிரிப்பார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கையிலிருந்த பனியனாலேயே துடைத்துக்கொண்டார். டூட்டி முடித்து வரும்போது இருப்பது மாதிரியே முகம் கறுத்துப்போனது.

எல்லாம் சரியாகிவிட்டதென்று நானும் சிரித்தேன். அம்மா மட்டும் ஏன் சிரிக்கவில்லை, முகத்தைக் கழுவு என்றுகூடச் சொல்லாமல் ஏன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள் என்பது எனக்கு விளங்கவில்லை.